ஓடிபி யார் எண்ணுக்கு?

1964இல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர்தான். மகளை வெளியூரில் தங்கவைக்கத் தயங்கிய வீடுகளுக்கும் அது எட்டும் தூரம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டன. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பாடம் போர்ட்டல் வழியாக வீட்டுக்கே வந்தது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அண்ணனுடையது. உள்ளே நுழைய ஓடிபியும் அவன் எண்ணுக்குத்தான் வரும். அவன் வேலை முடிந்து வந்தபின், பாத்திரம் கழுவிவிட்டு, இரவு 10 மணிக்கு அசைன்மென்ட் ஏற்றுவேன். அண்ணன் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நான் கேட்க வேண்டியிருந்தது.

2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டாவைத் தமிழக அரசு அறிவித்தது. டேட்டா இலவசமானாலும் போன் அண்ணனுடையதுதான்.

பெண்கல்வி வரலாற்றில் கல்லூரிகள் திறந்த ஆண்டுகளை எழுதுகிறோம். ஒரு பெண்ணின் சொந்த எண்ணுக்கு ஓடிபி வந்த ஆண்டையும் எழுத வேண்டும். என் வீட்டில் அது 2022.