வௌவால் வீட்டு விருந்து

வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், 'நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்பது நம் பழமொழி. ஈவதற்கு ஏதுமில்லாத இல்லத்தை எள்ளி நகையாட எழுந்த சொல் அது. வௌவாலுக்கு மனிதர் வழங்கிய தீர்ப்புகளுள் இதுவே மென்மையானது.

ஐரோப்பியப் பழங்கதைகளில், கல்லறையினின்று எழுந்து குருதி குடிக்கும் பேய்க்கு 'வாம்பயர்' என்று பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல், பழம் உண்டு வாழும் பெரிய வௌவால் ஒன்றுக்கே அப்பெயரைச் சூட்டினார். 1842-இல் கல்கத்தாவில் பணியாற்றிய எட்வர்டு பிளைத், இந்தியாவின் பெருங்காது வௌவால் குருதியை உறிஞ்சுவதாக எழுதினார். அதுவோ தவளை, பல்லி, எலி, பூச்சி ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும் இனம். ஆயினும் 'பொய் வாம்பயர்' என்னும் ஆங்கிலப் பெயர் இன்றளவும் அதனை விட்டு நீங்கவில்லை.

உண்மையில் குருதியை மட்டுமே உண்ணும் வௌவால்கள் மூன்று இனங்களே. மூன்றும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வாழ்பவை. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலோ கல்வராயன் மலைக் குகைகளிலோ அவற்றுள் ஒன்றேனும் இல்லை.

அவற்றின் குடிவாழ்வுதான் எத்தகையது? இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரை கிட்டாவிடில் குருதி வௌவால் மடிந்துவிடும். கோஸ்டரிகா நாட்டில் அவற்றை ஆராய்ந்த ஜெரால்டு வில்கின்சன், உண்டு மீண்ட வௌவால் தான் பருகியதைக் கக்கிப் பசித்ததற்கு ஊட்டுகின்றது என்று 1984-இல் அறிவித்தார். உறவுக்கு மட்டுமன்று, நெடுநாள் உடனுறைந்தவற்றுக்கும் அது ஈகின்றது. அவரும் ஜெரால்டு கார்ட்டரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இரத்த உறவைக் காட்டிலும் முன்பு பெற்ற உதவியே இவ்வீகையை மிகுதியும் நிர்ணயிக்கின்றது எனக் காட்டிற்று.

நம் மண்ணிலும் இத்தகைய கூட்டுணர்வுக்குச் சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருண்ட குகையொன்றில் இலைமூக்கு வௌவால்களை அடைத்து வைத்தனர். வெளியே சென்று மீளும் தம் இனத்தின் போக்குவரவைக் கொண்டே அவை பொழுதறிந்தன. இனத்துணையில்லாத குகையிலோ அவற்றின் நாட்கணக்கு பிறழ்ந்தது. இவ்வாய்வு வெளிவந்த ஆண்டு 1981.

ஆனால் பழிச்சொல் எளிதில் அழிவதில்லை. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் தீங்குயிர்ப் பட்டியலில் நிறுத்தியது. ஆல், அத்தி, இலுப்பை வித்துக்களைக் காடெங்கும் பரப்பும் உயிருக்கு நாம் அளித்த கைம்மாறு அதுதான்! 2022-ஆம் ஆண்டுத் திருத்தமே அப்பட்டியலை நீக்கியது.

காணாமலே பெயரிட்டோம், பெயரைக் கொண்டே தண்டித்தோம். வௌவாலுக்கு மட்டுமா இதைச் செய்கின்றோம்? 'நீயும் தொங்கு' என்று தன் அருகில் இடம் தருவதே விருந்தின் தொடக்கமன்றோ! பசித்தவனுக்குத் தன் வயிற்றிலிருந்தே எடுத்து ஊட்டும் அவ்வீட்டை நோக்கி நகைக்குமுன், நம் வீட்டு வாயிலைச் சற்றே நோக்குவோம்.