வால்வு சொன்ன ஆண்டு

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர் ஒன்றில் நம் பூர்வீக வீடு இருக்கிறது. அதன் பரணில் நெடுநாள் கிடந்த மரப்பெட்டி வானொலியைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நேருவின் உரையை ஊரே அதன் முன் கூடிக் கேட்டது என்பதே அக்கதை. தாத்தாவின் பெருமை அதில் அடங்கியிருந்ததால் யாரும் அதை ஐயுற்றதில்லை.

பழுதுபார்க்க இறக்கியபோது பெட்டியின் பெயர்த்தகடு விழுந்துவிட்டிருந்தது. பின்பக்க அட்டையைக் கரையான் தின்றிருந்தது. அடையாளம் காண எஞ்சியவை உள்ளிருந்த நான்கு வால்வுகள். அவற்றின் கண்ணாடியில் டிகே 96, டிஎஃப் 96, டிஏஎஃப் 96, டிஎல் 96 என்று மங்கலாகத் தெரிந்தது.

"சார், 'டி'ன்னு ஆரம்பிச்சா பாட்டரி செட்டு. கரண்ட் இல்லாத வீட்டுக்கு வாங்குனது" என்றார் அருப்புக்கோட்டையின் பழைய மெக்கானிக் ஒருவர்.

ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதலெழுத்து இழைக்கு வேண்டிய மின்சாரத்தைக் குறிக்கும். 'இ' என்றால் 6.3 வோல்ட், 'டி' என்றால் 1.4 வோல்ட், அதாவது ஒற்றை உலர் பாட்டரி. எழுத்தைவிட எண்தான் நம்மைத் துணுக்குறச் செய்தது. பாட்டரிச் செலவைக் குறைப்பதற்காக இழை மின்னோட்டத்தை முந்தைய வரிசையினும் பாதியாக்கி, 25 மில்லி ஆம்பியரில் இயங்குமாறு செய்யப்பட்ட 96 வரிசை 1950களில்தான் சந்தைக்கு வந்தது. வால்வுகளைப் பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று கேட்டோம். பெட்டியின் அடித்தட்டில் ஒட்டியிருந்த தாளைச் சுட்டினார் மெக்கானிக். அதிலும் அதே எண்கள். 1947இல் இந்த வானொலி உலகிலேயே இல்லை.

தாளின் மடிப்பில் பாட்டரி வாங்கிய ரசீது ஒன்றும் கிடைத்தது. விலை நயாபைசாவில் எழுதப்பட்டிருந்தது. நயாபைசா 1957 ஏப்ரல் முதல் நாள் வந்தது. 'நயா' என்னும் அடைமொழி 1964 ஜூனில் நீங்கியது. ஆக, இந்த ஏழாண்டுகளுக்குள் வானொலி வீட்டில் இருந்திருக்கிறது.

செப்பனிடுதல் பொறுமையைச் சோதித்தது. கசிவு கண்ட காகித மின்தேக்கிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இவ்வகை வானொலிக்கு இழைகளுக்கு ஒன்றரை வோல்ட், மற்றவற்றுக்குத் தொண்ணூறு வோல்ட் என இருவேறு மின்சாரம் தேவை. இணைப்பு மாறினால் நான்கு இழைகளும் கணத்தில் கருகிவிடும். 9 வோல்ட் பாட்டரிகள் பத்தைத் தொடராகக் கோத்துத் தொண்ணூறு வோல்ட் பெற்றோம்.

எர்த் கம்பியை மண்ணில் இறக்கியபோது, அருகில் இருந்த அத்தை ஒரு செம்பு நீரை அந்த இடத்தில் ஊற்றினார். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. "குடிக்கத் தண்ணி இல்லாத கோடையில கூட ரேடியோவுக்கு ஒரு செம்பு ஊத்துவாரு எங்கப்பா. எங்கம்மா திட்டுவாக" என்றார்.

நேரு பேசிய இரவைப் பற்றி அவரிடமே கேட்டோம். "பேசுனது எனக்குத் தெரியாது தம்பி. ஊரே கூடி அழுதுச்சு. நான் ஆறாம் வகுப்பு முடிச்ச லீவு. அப்பா துண்ட வாயில பொத்திக்கிட்டு நின்னாரு."

அத்தை பிறந்தது விடுதலைக்குப் பிறகு. கோடை விடுமுறை, அழுகை, நேரு ஆகிய மூன்றும் பொருந்தும் நாள் 1964 மே 27, அவர் மறைந்த நாள். ஒருவரைப் பற்றிய இரு நினைவுகளைக் குடும்பம் காலப்போக்கில் ஒன்றாக்கிவிட்டது என்றே கருதுகிறோம். 1947இல் சுதந்திர இந்தியாவிற்கு வாய்த்த வானொலி நிலையங்களே ஆறு. அவற்றுள் தமிழகத்தில் இருந்தவை சென்னையும் திருச்சியும் மட்டுமே. கரிசல் ஊர் ஒன்றில் அன்றே சொந்த வானொலி என்பது அரிதினும் அரிது.

பெருமிதக் கதை ஒன்றை இழந்தோமா? முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கதையில் தாத்தா வெறும் வானொலிக்காரர். அத்தையின் சொல்லில் அவர் துண்டால் வாய்பொத்தி நிற்கும் மனிதர்.

அன்று அந்தி சாய்ந்தபின் பெட்டி இரைந்தது. இரைச்சலின் ஊடே பெயரறியாத நிலையம் ஒன்றின் குரல் வந்து மறைந்தது. வால்வு எண்களையும், ரசீதின் நகலையும், அத்தை சொன்னதையும் தாளில் எழுதி, பெட்டியின் உள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்து திறப்பவர் நம்மைப்போல் எண்களை வைத்து மட்டும் தேட வேண்டியதில்லை.