பகுதிநேர விநியோகப் பணியாளர்கள்: ஊதியம், சலுகை, முன்னேற்றம் குறித்து அறிய வேண்டியவை

மும்பை: மாலை 7 மணிக்கு மேல் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் உணவகங்களின் வாசலிலும் செம்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியும் இருசக்கர வாகனங்களுடன் காத்திருக்கும் விநியோகப் பணியாளர்களில் பலர் பகுதிநேரமாக உழைப்பவர்கள். பகலில் தாராவியின் பட்டறையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் சில மணி நேரம் பொட்டலம் கொண்டு செல்வோரும், கல்லூரி முடிந்து வரும் மாணவர்களும் இவர்களில் அடங்குவர். இவர்களை நிறுவனங்கள் 'கூட்டாளி' என்று அழைக்கின்றன. சட்டம் 'கிக் தொழிலாளி' அல்லது 'தளத் தொழிலாளி' என்று வகைப்படுத்துகிறது. ஊதியம், சலுகை, முன்னேற்றம் மூன்றையும் தீர்மானிப்பது இந்த வகைப்பாடுதான்.

நிதி ஆயோக் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21-ல் நாட்டில் சுமார் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தனர். இந்த எண்ணிக்கை 2029-30-ல் 2.35 கோடியாக உயரும் என அந்த அறிக்கை மதிப்பிட்டுள்ளது.

ஊதியம் கணக்கிடப்படுவது எப்படி?

விநியோகப் பணியாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அடிப்படைத் தொகை, கடக்கும் தூரத்துக்கு ஒரு தொகை, மழை நேரத்திலும் கூட்ட நேரத்திலும் கூடுதல் தொகை, குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் ஊக்கத்தொகை என்ற முறையில் வருமானம் அமைகிறது. பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு, கைப்பேசிக் கட்டணம் ஆகியவை பொதுவாகப் பணியாளரின் பொறுப்பு.

ஊக்கத்தொகை இலக்குகள் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கே எளிதில் எட்டக்கூடியவை. இரவில் 3 மணி நேரம் மட்டும் வேலை செய்பவருக்கு அந்தத் தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே, ஒரு வாரத்தின் மொத்த வருமானத்திலிருந்து செலவுகளைக் கழித்து, ஆர்டருக்காகக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான கூலி தெரியவரும்.

இவர்கள் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதால் குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை தாமாகப் பொருந்துவதில்லை. அதே நிறுவனத்தின் கிடங்கில் குறித்தகால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவரின் நிலை வேறு. புதிய சட்டத் தொகுப்பின்படி, அவர் ஓராண்டு பணி முடித்தாலே பணிக்கொடை பெறத் தகுதி பெறுகிறார்.

புதிய சட்டம் தருவது என்ன?

கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற சொற்களுக்கு இந்தியச் சட்டத்தில் முதன்முறையாக விளக்கம் அளித்தது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020. இது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, விநியோக நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்கு வழங்க வேண்டும். இத்தொகை, இத்தகைய தொழிலாளர்களுக்கு அந்நிறுவனம் வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆயுள் மற்றும் ஊனக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, உடல்நலம் மற்றும் மகப்பேறு உதவி, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான திட்டங்களை அரசு வகுக்கலாம்.

பகுதிநேரப் பணியாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது தகுதிக்கான நாள் கணக்கு. 2025 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளின்படி, முந்தைய நிதியாண்டில் ஒரே நிறுவனத்துடன் குறைந்தது 90 நாள்கள் அல்லது பல நிறுவனங்களுடன் சேர்த்து 120 நாள்கள் பணியாற்றியிருக்க வேண்டும். ஒரு நாளில் ஈட்டிய தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது ஒரு நாளாகவே எண்ணப்படும். ஒரே நாளில் மூன்று நிறுவனங்களுக்கு வேலை செய்தால் அது மூன்று நாள்களாகக் கணக்கிடப்படும். அதாவது, இந்த வரைவில் அளவுகோல் மணி நேரமல்ல, நாள்தான். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர் தகுதி பெறுவார். வார இறுதியில் ஒரே நிறுவனத்துக்காக ஒரு நாள் மட்டும் நீண்ட நேரம் ஓட்டுபவர் ஆண்டுக்கு 52 நாள்களையே எட்டுவதால் விடுபட்டுப் போவார்.

2025-26 மத்திய பட்ஜெட்டில், இணையத் தளங்கள் வழியாகப் பணியாற்றும் சுமார் 1 கோடி கிக் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை, இ-ஷ்ரம் தளத்தில் பதிவு, பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டத்தின் கீழ் மருத்துவ வசதி ஆகியவை அறிவிக்கப்பட்டன.

மும்பையின் பழைய முன்னுதாரணம்

நிலையான ஒரே முதலாளி இல்லாதவருக்குச் சலுகைகளை எப்படி வழங்குவது என்ற கேள்வி மும்பைக்குப் புதிதல்ல. சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் ஒரே நாளில் பல வணிகர்களுக்கு வேலை செய்பவர்கள். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து, மகாராஷ்டிர மாத்தாடி, ஹமால் மற்றும் பிற உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1969-ல் இயற்றப்பட்டது.

இதன்படி முத்தரப்பு வாரியங்கள் அமைக்கப்பட்டன. தொழிலாளரும் வணிகரும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகர் கூலியுடன் சேர்த்து ஒரு தீர்வையையும் வாரியத்துக்குச் செலுத்துகிறார். வாரியம் கூலியைப் பட்டுவாடா செய்வதுடன், தீர்வையிலிருந்து வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ வசதி போன்றவற்றை வழங்குகிறது. சுமை யாருக்காகத் தூக்கப்பட்டாலும் உரிமை தொழிலாளரின் பெயரிலேயே சேர்கிறது. பல செயலிகளில் மாறி மாறி வேலை செய்பவருக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு இது.

பிற மாநிலங்களின் நிலை

கிக் தொழிலாளர்களுக்கென நாட்டிலேயே முதல் சட்டத்தை ராஜஸ்தான் 2023-ல் இயற்றியது. கர்நாடகம் 2025-ல் இயற்றிய சட்டம், நிறுவனங்கள் நலக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதுடன், ஒருவரைப் பணியிலிருந்து நீக்குவதற்கு 14 நாள்கள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் கூறுகிறது. காரணம் தெரியாமல் திடீரென ஐடி முடக்கப்படுவது இத்தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. இ-ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் வழங்கப்படும் என 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

முன்னேற்றத்துக்கு வழி உண்டா?

மூன்றில் மிகவும் பலவீனமானது இதுவே. ஐந்தாண்டு ஓட்டியவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஆர்டருக்கான அடிப்படைத் தொகையில் பணிமூப்பு வேறுபாடு இருப்பதில்லை. செயலிகள் வழங்கும் தங்கம், வெள்ளி போன்ற நிலைகள் பதவி உயர்வு அல்ல. ஸ்விக்கி நிறுவனம் 2022 ஜனவரியில், பணியாளர் குழு மேலாளர் பணியிடங்களில் 20 சதவீதத்தை விநியோகப் பணியாளர்களுக்கு ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது. முன்னேற்றம் குறித்த சட்டப்பூர்வ உரிமை எதுவும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இல்லை.

அமெரிக்காவின் யுபிஎஸ் விநியோக நிறுவனத்தில் நிலைமை மாறியது கூட்டுப் பேரத்தால். 1997-ல் சுமார் 1,85,000 ஊழியர்கள் 15 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து, பகுதிநேரப் பணிகளை இணைத்து 10,000 முழுநேரப் பணியிடங்களை உருவாக்கும் உறுதியைப் பெற்றனர். 2023 ஒப்பந்தத்தில் பகுதிநேர ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 21 டாலராக உயர்த்தப்பட்டது. 7,500 புதிய முழுநேரப் பணியிடங்களும் ஏற்கப்பட்டன. ஆனால், அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்களாகச் சட்டப்படி ஏற்கப்பட்டவர்கள் என்பது முக்கிய வேறுபாடு.

பதிவு செய்வது எப்படி?

இ-ஷ்ரம் தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகப் பதிவு செய்து 12 இலக்கப் பொதுக் கணக்கு எண்ணைப் பெறலாம். உதவி எண் 14434. பல நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஒவ்வொன்றிலும் பணியாற்றிய நாள்களையும் பெற்ற தொகையையும் காட்டும் வாராந்திர விவரங்களைச் சேமித்து வைப்பது நல்லது. ஐடி முடக்கப்பட்டால் செயலிக்குள் இருக்கும் பதிவுகளைப் பார்க்க முடியாமல் போகலாம். தகுதிக்குரிய நாள் கணக்கில் தகராறு எழுந்தால் கையில் இருக்கும் இந்த விவரங்களே சான்றாக உதவும்.