டல்லாஸ் பொருட்காட்சியில் ஒரு நாள்

மகள் வீட்டில் தங்கியிருந்த ஆறு மாதத்தில் மறக்க முடியாத நாள் எது என்று கேட்டால், டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சிக்குப் போன நாளைத்தான் சொல்வேன். அங்கே அதை 'ஸ்டேட் ஃபேர்' என்கிறார்கள். மாட்டுச் சந்தை, தொழிற்கண்காட்சி, ராட்டினம், தின்பண்டக் கடைகள், விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் ஒரே திடலில் கூட்டி வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை தொடங்கி 24 நாள் நடக்கிறது. இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

இதன் பிறப்பே ஒரு சண்டையில்தான். 1886இல் டல்லாஸ் நகரப் பெரிய மனிதர்கள் பொருட்காட்சி நடத்த ஒன்றுகூடினார்கள். கிழக்கு டல்லாஸில் வில்லியம் காஸ்டன் என்பவரின் 80 ஏக்கர் நிலம் இருந்தது. அது களிமண் பூமி, மழை பெய்தால் சேறு என்று விவசாயக் கருவி விற்பவர்கள் முரண்டு பிடித்தார்கள். முடிவில் ஒரே ஊரில், ஒரே அக்டோபரில், இரண்டு பொருட்காட்சிகள்! இரண்டுக்கும் கூட்டம் வந்தது, இரண்டுக்கும் நஷ்டம். மறு வருடம் ஒன்றாகிவிட்டார்கள்.

அந்நாளில் பெரிய வருமானம் குதிரைப் பந்தயம். 1903இல் மாநில அரசு பந்தயச் சூதாட்டத்தைத் தடை செய்ததும் கஜானா காலி. 1904இல் திடலை நகராட்சிக்கே விற்றார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பொருட்காட்சி நடத்தத் திடலைத் தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

1936இல் டெக்சாஸ் விடுதலை பெற்று நூறாண்டு ஆனதைக் கொண்டாட, ஜார்ஜ் டால் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் திடலையே மாற்றிக் கட்டினார்கள். நீண்ட குளம், இருபுறமும் மண்டபங்கள், சிலைகள், சுவரோவியங்கள். அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் பொருட்காட்சி நடக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் நம்மை வரவேற்பவர் 'பிக் டெக்ஸ்'. தொப்பியும் பூட்ஸும் போட்ட 55 அடி மாட்டிடையன். வாயசைத்துப் பேசுவார். அவர் பூர்வாசிரமத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா! 1949இல் கெரன்ஸ் என்ற சிற்றூர்க்காரர்கள் கடைத்தெருவுக்கு ஆள் வரவழைக்கச் செய்த பொம்மை. அதை 750 டாலருக்கு வாங்கி, வேஷம் மாற்றி, 1952இல் இங்கே நிறுத்தினார்கள். 2012 அக்டோபரில், அவருக்கு 60 வயது கொண்டாடிய சமயத்தில், மின்கோளாறால் தீப்பிடித்து எரிந்தார். மறு வருடமே புதிதாக எழுந்து நின்றுவிட்டார். நமக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அந்தமட்டில் பாக்கியம்தான்.

தின்பண்டங்களில் பேர்போனது 'கார்னி டாக்'. குச்சியில் குத்திய இறைச்சியைச் சோளமாவில் தோய்த்துப் பொரிப்பது. 1940ஐ ஒட்டி ஃபிளெட்சர் என்ற நாடகக்கார சகோதரர்கள் விற்கத் தொடங்கினார்களாம். நாங்கள் சைவம், பார்த்ததோடு சரி. எதையும் எண்ணெயில் போடுவது இவர்களுக்குக் கலை. 2009இல் வெண்ணெயையே பொரித்து ஒருவர் பரிசு வாங்கினார். என் கொலஸ்ட்ரால் மாத்திரை நினைவுக்கு வந்தது.

212 அடி உயர ராட்டினத்தில் பேரன் ஏறினான். நாங்கள் கீழே நின்று கையசைத்தோம்.

மாலையில் காருக்குத் திரும்பியபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி நிறுத்துமிடம். "இவ்வளவு இடம் நகரத்துக்குள்ளே எப்படிக் கிடைச்சுது மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "தெரியலை மாமா" என்றார். அடுத்த வாரம் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

படித்ததில் முதலில் தட்டுப்பட்டது வேறு சங்கதி. இந்தப் பொருட்காட்சி நெடுங்காலம் எல்லோருக்கும் உரியதாக இல்லை. கறுப்பின மக்களுக்கென்று தனி நாள் ஒதுக்கியிருந்தார்கள். 1923இல் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டத்துக்கு ஒரு நாளே கொடுத்துக் கௌரவித்தார்கள். 1936 விழாவில் கறுப்பின மக்களின் சாதனைகளைக் காட்ட ஒரு மண்டபம் கட்டி, விழா முடிந்ததும் இடித்துவிட்டார்கள். 1950களில் கதவைத் திறந்த பிறகும் சில ராட்டினங்களிலும் உணவகங்களிலும் அவர்களுக்கு இடமில்லை.

1955இல் ஜுவானிடா கிராஃப்ட் என்ற பெண்மணி பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி, கறுப்பினத்தவருக்கான அந்தத் தனி நாளிலேயே வாசலில் மறியல் செய்தார். ராட்டினத்துக்காக மானத்தை விற்காதீர்கள் என்பதுதான் பிள்ளைகள் வந்தவர்களிடம் சொன்னது. தடைகள் முழுவதும் விழ மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதே அம்மையார் 1975இல், 73 வயதில், டல்லாஸ் நகர மன்ற உறுப்பினரானார்.

என் கேள்விக்கும் பதில் கிடைத்தது. 1960களின் கடைசியில், பொருட்காட்சிக்கு வருவோர் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று, திடலை ஒட்டிய வீடுகளை நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தியது. பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களின் சொந்த வீடுகள். கொடுத்த விலை நியாயமில்லை என்று அவர்கள் போராடினார்கள். ஆனாலும் வீடுகள் போயின, தார் வந்தது. இப்போது அந்த நிறுத்துமிடங்களில் ஒரு பகுதியைப் பூங்காவாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நானும் சில காலம் நில எடுப்புக் கோப்புகள் பார்த்தவன்தான். சர்வே எண், பரப்பு, இழப்பீடு என்று மூன்று கட்டங்களில் ஒரு வீடு அடங்கிவிடும். வாசலில் வேப்பமரம் இருந்ததா, அந்த வீட்டில் யார் பிறந்தார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. நானும் கேட்டதில்லை.

பொருட்காட்சியைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேரன் ராட்டினத்தின் உச்சியிலிருந்து கையசைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நம் நிறத்துப் பிள்ளை அதில் தடையில்லாமல் ஏறினான். அதற்கு முன்னால் சில பிள்ளைகள் ஏறமாட்டோம் என்று வாசலிலேயே நின்றார்கள். அடுத்த முறை போனால் அவனிடம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் வாங்கித் தரவேண்டும்.