மணலில் தொடங்கிய எழுத்து



வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஏழாவது பொருள், சிறுவர் விளையாட்டுத் திடலில் இருக்கும் மணற்குழியை மூடிவிட்டு ரப்பர் தளம் போடுவது. பூனைத் தொல்லை, லிஃப்டுக்குள் மணல், துவைத்து மாளாத சட்டைகள் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். நானும் ஆதரித்துக் கையைத் தூக்குவதாகத்தான் இருந்தேன். போன கோடை விடுமுறையில் கண்ட ஒரு காட்சி என் மனதை மாற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், மணலுக்கும் நம் பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள பழைய உறவைச் சொல்லிவிட வேண்டும். நான் வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். வரலாறு என் பாடமல்ல; ஓய்வுக்குப் பிறகு ஆசையாகப் படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

திண்ணையும் மணலும்

நம் தாத்தாக்கள் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. இல்லையென்றால் கோயில் மண்டபம், மரத்தடி. ஆசிரியர் ஒருவர்தான். தென்மாவட்டங்களில் அவரை அண்ணாவி என்பார்கள். ஐந்து வயதுப் பையனும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பதை இன்றும் நம் வீடுகளில் செய்கிறோம். அன்று அதற்கு அடுத்த நாளே அரிசிக்குப் பதிலாக மணல் வந்துவிடும்.

ஏன் மணல்? அந்நாளில் எழுதப் பயன்பட்டது பனையோலை. எழுத்தாணியால் ஒருமுறை கீறிவிட்டால் அழிக்க முடியாது. அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. ஓலை கிழிந்துவிடும் என்பதற்காகவே பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பனையோலையை வெட்டி, பக்குவப்படுத்தி, அளவாக நறுக்கி எடுப்பதும் சின்ன வேலையல்ல. அதை ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து வீணாக்க யாருக்கு மனம் வரும்? எத்தனை தவறு செய்தாலும் செலவில்லாத ஒன்று முதலில் தேவைப்பட்டது. அதுதான் மணல்.

முறை எளிமையானது. ஆசிரியர் மணலில் ‘அ’ என்று எழுதி, வாய்விட்டுச் சொல்வார். பிள்ளை அந்தத் தடத்தின் மேலேயே ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டு தானும் சொல்லும். தடம் பழகிய பிறகு மணலைச் சமன்படுத்திவிட்டுத் தானே எழுதிப் பார்க்கும். சரியில்லையா, உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடி எழுது. கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, விரல் எழுதுகிறது. வாசிப்பு வேறு, எழுத்து வேறு என்று அங்கே இரண்டு பாடவேளை கிடையாது. எழுத்துகள் கைவந்த பிறகுதான் ஓலை, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாம்.

ஒரே ஆசிரியர் எப்படிச் சமாளித்தார்? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. முன்னேறிய மாணவன் ஒருவன், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித்தருவான். 1623-ல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, இன்றைய கர்நாடகப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர்கள் சிலர் கணக்குப் படிப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். பாட்டாகச் சொல்லிக்கொண்டே, தரையில் தூவிய மணலில் விரலால் எழுதினார்களாம். இடம் நிரம்பியதும் அழித்துவிட்டுப் புது மணல் தூவினார்களாம். ‘மறந்துபோனால் யார் திருத்துவார்கள்?’ என்று கேட்டதற்கு, ஒருவருக்கொருவர் நாங்களே சொல்லிக்கொள்வோம் என்றார்களாம். பக்கத்தில் ஆசிரியரே இல்லை!

எழும்பூரில் ஒரு காலைப் பொழுது

இனி நம் சென்னைக்கு வருவோம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787-ல் இங்கே வந்தார். எழும்பூரில், இன்றைய ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் ஆண்கள் இல்லம் இருந்தது. 1789-ல் அதன் கண்காணிப்பாளரானார். தந்தை ஐரோப்பியச் சிப்பாய், தாய் இந்தியப் பெண் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளே அங்கே அதிகம். அங்கிருந்த ஆசிரியர்கள் எழுத்துகளைக் கற்பிக்கவே திணறிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைப் பெல் கண்டார். அந்நாளைய ஆங்கிலேயர் தமிழை ‘மலபார்’ என்றே குறிப்பிடுவார்கள். அவரும் அதை மலபார் பள்ளி என்றே எழுதுகிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இல்லத்துக்குத் திரும்பியதும் கீழ்வகுப்பில் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இது நடக்காத காரியம் என்றார்கள். பெல் விடவில்லை. ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தரும் பொறுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் முடித்துக்காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளும் மாணவர்கள் கைக்கே போயின.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே இந்தச் சென்னைச் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே பாணியில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கறுப்புப் பூசிய மேசையில் வெள்ளை மணலைப் பரப்பி, விரலால் எழுதும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும்படி செய்தார். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் பெல் முறையைப் பரப்ப ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார்கள். முதலில் கண்டுபிடித்தது பெல்லா, லங்காஸ்டரா என்று இரண்டு கட்சியும் வருடக்கணக்கில் சண்டை போட்டன. பெல் 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி, அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் நடக்கிறது.

மணலில் எழுதுவதைத் திண்ணையில் பார்த்துத்தான் கற்றேன் என்பதைப் பெல் மறைக்கவில்லை. மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தருவதை மட்டும் தம் சொந்த யோசனையாகக் கருதினார். நம் சட்டாம்பிள்ளையை அவர் கவனிக்கவில்லை போலும். அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

கணக்கின் மறுபக்கம்

பேரேட்டில் வரவைப் பார்த்தால் செலவையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-ல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. வகுத்துப் பார்த்தேன், பள்ளிக்குச் சராசரி 15 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுதவைக்கக்கூடிய எண்ணிக்கை. ஆனால் அந்த மொத்தத்தில் பெண் குழந்தைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது.

அடியும் உண்டு. மன்றோவுக்குப் பெல்லாரியிலிருந்து அறிக்கை அனுப்பிய கலெக்டர் கேம்பெல், மாணவர்கள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையையும் அதன் சிக்கனத்தையும் மனமாரப் பாராட்டினார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பையனுக்கு உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம், இரண்டாமவனுக்குப் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். கும்பகோணம் பக்கத்தில் ஒரு திண்ணையில் படித்த என் அப்பா, எழுத்துக் கோணினால் ஆசிரியர் விரலைப் பிடித்து மணலில் அழுத்தித் தேய்ப்பார், நுனித்தோல் உரிந்துவிடும் என்று சொல்வார். ஆகவே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று நான் சொல்ல வரவில்லை. மணல் நல்லது, அதை வைத்துக்கொண்டு பெரியவர்கள் செய்தது எல்லாம் நல்லதல்ல.

மணல்தாள் வந்த கதை

மணலின் இடத்தைப் பிறகு சிலேட்டும் பலப்பமும் பிடித்தன. அப்படியும் மணல் உடனே போய்விடவில்லை. 1960-களில் நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது, ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் ஆற்று மணல் கொண்டுபோவோம். சிலேட்டு கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆயிற்று.

இதற்கிடையில் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை அட்டையில் ஒட்டி, அதன் மேல் குழந்தைகள் விரலை ஓட்டிக்கொண்டே ஒலியைச் சொல்லும்படி செய்தார். எழுத்தைத் தொட்டுப் பழகிய குழந்தைகளுக்கு முதலில் எழுத வந்தது, அதைத் தொடர்ந்து வாசிக்க வந்தது என்று அவர் கண்டார். அவர் வந்த வழி வேறு. நம் திண்ணையைப் பார்த்துச் செய்ததல்ல. ஆனாலும் விரல், தடம், ஒலி என்ற அதே மூன்றும்தான். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. எழும்பூரிலிருந்து மணலாகக் கப்பலேறிப் போன சங்கதி, அடையாறுக்கு உப்புத்தாளாக வந்து சேர்ந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கவுண்டரில் ஒரு கையெழுத்து

வங்கியில் நான் கண்ட ஒன்று. 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்த நேரம். எங்கள் கிளையில் பூ வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவுக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தது. பணம் எடுக்க வரும்போதெல்லாம் இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைப்பார். ஒருநாள், ரேகையை மாற்றிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று வந்தார். மாதிரிக் கையெழுத்து அட்டையை நான் எடுத்துவரும்வரை, பெஞ்சின் மேல் விரலால் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். ‘என்னம்மா எழுதறீங்க?’ என்றேன். ‘பேருதான் சார். பேனாவைப் புடிக்கறதுக்குள்ள மறந்துடக் கூடாதுல்ல’ என்றார். அட்டையில் மூன்று இடத்திலும் எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எழுத்து முதலில் விரலில் ஏறவேண்டும், பேனா பிறகுதான் என்பதை எனக்குக் காட்டியவர் அவர்.

ஏழாவது பொருள்

இப்போது அந்தக் கோடைக் காட்சிக்கு வருகிறேன். என் பேரன் எல்.கே.ஜி. படிக்கிறான். நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம். பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்துவான், முனை உடையும். ரப்பரால் அழித்தால் தாள் கிழியும், உடனே அழுகை. நாளடைவில் நோட்டைக் கண்டாலே ஓடத் தொடங்கினான். ஒரு மாலை மணற்குழியில் தேடிப்போனால், உட்கார்ந்து ‘அ’ எழுதிக்கொண்டிருக்கிறான்! பக்கத்தில் நம் இரவுக் காவலரின் மகள். அவள் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ‘முதல்ல சுழி போடு, அப்புறம் வளை... தப்பு, அழி, மறுபடி போடு’ என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அழித்து அழித்து எழுதினான். அவன் அழிப்பதற்கு அழாததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஜான் ஃப்ரிஸ்கன் ஞாபகம் வந்தான்.

ரப்பர் தளத்தில் விழுந்தால் அடிபடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் எழுத முடியாது. ஆகவே என் கோரிக்கை இதுதான். ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் பக்கம் ரப்பர் தளம் போடட்டும். மூலையில் பத்தடிக்குப் பத்தடி மணல் மட்டும் இருக்கட்டும். இரவில் மூட ஒரு தார்ப்பாய் போதும், பூனை வராது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மணலைச் சலித்து வெயில் காட்டும் வேலையை நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் வைத்தால் லிஃப்டுக்குள் மணல் வருவதும் குறையும்.

இன்னொன்று. திடல் வாசலில் ‘குடியிருப்போர் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை இருக்கிறது. அதை வைத்து அந்தப் பெண்ணை இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். யார் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழைய திண்ணைகளில் இடமில்லாமல் போனவர்கள் யார் யார் என்று மேலே எழுதிவிட்டு, இதைச் சொல்லாமல் விட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏழாவது பொருளோடு அந்தப் பலகையையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். எந்தப் பக்கம் கை தூக்குவதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு மாலை உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையோடு அந்த மணலில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு நானும் அங்கேதான் இருப்பேன்.