திராவிட உறவுமுறைச் சொற்கள்: மீட்டுருவாக்க வரலாறு

திராவிட மொழிகளின் உறவுப்பெயர்களை ஒப்பிட்டு, அம்மொழிகள் பிரிவதற்கு முன் வழங்கிய மூலத் திராவிடத்தில் அவற்றின் வடிவமும் பொருளும் எப்படி இருந்தன என்று கண்டறியும் ஆய்வுத்துறை இது. மொழியியலும் மானிடவியலும் இதில் சமபங்காளிகள். சொல்லின் ஒலியை மீட்பது பாதி வேலைதான். யார் யாரை மணக்கலாம் என்ற விதி அந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காட்டியதுதான் இத்துறையின் பெரிய சாதனை.

அந்த விதியைப் பழனியிலேயே பார்க்கலாம். முடிக்காணிக்கை செலுத்த வரும் குடும்பங்கள் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். தாயின் உடன்பிறந்தவர் மாமன். அத்தையின் கணவரும் மாமன். பிற்காலத்தில் பெண் கொடுப்பவரும் மாமன். அதேபோல் அப்பாவின் அக்கா தங்கை, மாமன் மனைவி, மாமியார் மூவருக்கும் அத்தை என்ற ஒரே சொல் போதும். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பெற்ற பிள்ளைகள் அண்ணன் தங்கைகள். அவர்களுக்குள் மணப்பேச்சு எழாது. மாமன், அத்தை பெற்ற பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள். உறவு என்ன என்று கேட்பதற்கே ‘என்ன முறை வேணும்?’ என்கிறோம்.

மலைமேல் ஆண்டிக்கோலத்தில் நிற்கும் முருகனும் இந்த வலைக்குள் இருப்பவன்தான். பார்வதி திருமாலின் தங்கை. ஆகவே முருகன் அவருக்குத் தங்கை மகன். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் தெய்வானையும் வள்ளியும் முற்பிறவியில் திருமாலின் மகளிர். எனவே அவன் திருமாலுக்கு மருமகனும் ஆகிறான். 15-ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் பழனித் திருப்புகழிலும் பிற தலத்துப் பாடல்களிலும் அவனைத் திருமாலின் மருகன் என்று ஓயாமல் அழைப்பதை இங்கே நினைவுகூரலாம். தங்கை மகன், மகளின் கணவன் என்னும் இரு பொருளும் ஒரே சொல்லில் பொருந்தி நிற்கின்றன. தைப்பூசத்தின்போது பெரியநாயகியம்மன் கோயிலில் நடக்கும் திருக்கல்யாணத்தில் மணமேடை ஏறுபவர்கள், இந்தக் கணக்குப்படி, முறைப்பெண்கள்.

உறவுப்பெயர்களைத் தனி வகையாகப் பார்க்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் அவற்றை முறைப்பெயர் என்றே பிரித்து, விளிக்கும்போது அவை அடையும் மாற்றத்துக்குத் தனியே விதி கூறுகிறது. உலக ஆய்வுலகில் இச்சொற்கள் நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டில். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் 1816-இலும், விரிவாகக் கால்டுவெல் 1856-இலும் நிறுவினார்கள். அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் செனெக்கா பழங்குடியினரின் உறவுப்பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழ்ச் சொற்பட்டியல் அவர் கைக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கண்டு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றதற்கு இதுவே சான்று என்று 1871-இல் வெளியான பெருநூலில் வாதிட்டார். அந்த முடிவு நிற்கவில்லை. தூரத்து உறவினரை வகைப்படுத்துவதில் இரண்டு அமைப்புகளும் வேறுபடுவதை மானிடவியலாளர் லவுன்ஸ்பரி 1964-இல் காட்டினார். ஆயினும் உறவுமுறை ஆய்வு என்ற துறையே தமிழ்ப் பட்டியலின் துணையோடு பிறந்தது என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

இந்த அமைப்பு மாமன் மகள், அத்தை மகள் மணத்திலிருந்து எழுவது என்று மானிடவியலாளர் ரிவர்ஸ் 1907-இல் விளக்கினார். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்த லூயி துய்மோன், மாமன் என்பவர் அடிப்படையில் ‘அப்பாவின் மைத்துனர்’ என்று 1953-இல் எழுதி, இரத்த உறவு, மண உறவு என்ற பிரிவையே புரட்டிப்போட்டார். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961-இல் வந்தது. திருத்திய பதிப்பு 1984-இல். முதற்பதிப்பை அடித்தளமாகக் கொண்டு தாமஸ் டிரவுட்மன் 1981-இல் வெளியிட்ட ‘திராவிட உறவுமுறை’ என்ற நூல்தான் மூல அமைப்பை முழுமையாக மீட்க முயன்றது. இன்றும் இத்துறையில் முதலில் படிக்க வேண்டிய நூல் அதுவே.

சான்றுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. அம்மா, அப்பா, அக்கா போன்றவை மழலை வாயில் எளிதில் பிறக்கும் ஒலிகள். தொடர்பில்லாத மொழிகளிலும் தற்செயலாக ஒத்துப்போகும். அவற்றை மட்டும் வைத்து மூலமொழியைக் கட்ட முடியாது. வலுவான சான்று தந்தை, தம்பி, தங்கை ஆகியவற்றில் இருக்கிறது. சங்கத் தமிழில் என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, அவன் தந்தை தந்தை. என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவள் தாய் தாய். குறுந்தொகை 40-ஆம் பாடலின் முதல் இரண்டு அடிகளிலேயே யாய், ஞாய், எந்தை, நுந்தை நான்கும் உள்ளன. எம்பி, உம்பி, தம்பி என்ற வரிசையும் அப்படியே. பிற்காலத்தில் ‘தன்’, ‘தம்’ ஒட்டிய வடிவங்களே பொதுப்பெயர்களாக நிலைத்தன. ‘என் தம்பி’ என்னும்போது ஒட்டியிருக்கும் பழைய ‘தம்’ நம் காதில் விழுவதே இல்லை. கன்னடத்தில் தந்தெ, தம்ம, தங்கி. தெலுங்கில் தண்ட்ரி, தம்முடு. நடு இந்தியாவின் கோண்டியில் தம்மூர். பிரதிப்பெயரும் உறவுப்பெயரும் ஒட்டிப்போன இத்தகைய இலக்கணக் கூறு இத்தனை மொழிகளில் தற்செயலாக அமைந்திருக்க முடியாது.

மாமன், அத்தை ஆகியவற்றின் இனச்சொற்களைத் தேடப் பழனி வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்கள் வீட்டில் மாம, அத்த, அன்ன, அக்க. கன்னடத்தில் மாவ, அத்தெ. மலையாளத்தில் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ந்த பழைய முறைக்கு மருமக்கத்தாயம் என்று பெயர்; மருமக்கள் என்ற சொல்லின் பழம்பொருள் அங்கே துலக்கமாக நிற்கிறது.

சொற்கள் காட்டும் மணவிதி எவ்வளவு பழையது என்பதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. பௌதாயன தர்மசூத்திரம் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தென்னாட்டு வழக்கம் என்றே குறிப்பிடுகிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டு நாகார்ச்சுனகொண்டா கல்வெட்டுகளின்படி இக்சுவாகு மன்னன் வீரபுருஷதத்தன் அத்தை மகளிரை மணந்தவன். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் இராசராச நரேந்திரன் மாமன் இராசேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் மகன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் தாய்மாமன் மகளையே மணந்தான். வடக்கே போகப் போகச் சான்று மெலிகிறது. பலூசிஸ்தானத்து பிராகுய் மக்களிடம் இந்த அமைப்பு மறைந்துவிட்டது. இருந்தும் மூலத் திராவிடர்களிடம் அது இருந்தது என்ற டிரவுட்மனின் முடிவே பொருத்தமாகப் படுகிறது.

வேறொரு மொழிக்குடும்பத்தோடு ஒப்பிட்டால் தமிழின் தனித்தன்மை பளிச்சிடும். மொழியியலாளர் லி ஃபாங்குவேய் 1977-இல் மீட்டுருவாக்கிய மூலத் ‘தாய்’ (Tai) மொழியின் வழிவந்த தாய்லாந்து மொழியில் வயதே முதன்மை. பெற்றோரின் அண்ணன், தந்தைவழியானாலும் தாய்வழியானாலும், லுங், அக்கா பா. பெற்றோருக்கு இளையவர்களைச் சொல்லும்போதுதான் வழி பிரிகிறது: தந்தைவழியில் ஆணும் பெண்ணும் ஆ, தாய்வழியில் இருவரும் நா. நமக்கோ தாயின் அண்ணனும் தம்பியும் மாமன்தான். வயது காட்ட ‘பெரிய’, ‘சின்ன’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் போதும். அங்கே மூப்பும் இங்கே மணமுறையும் சொற்களை வகுக்கின்றன.

பழனி கொங்குப் பேச்சின் தென்விளிம்பு. அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அம்முச்சி, அப்பாவின் அப்பா அப்பாரு, அண்ணன் மனைவி நங்கை என்ற வழக்குகள் இந்தப் பக்கத்து முதியவர்களிடம் கேட்பவை. தாத்தா, பாட்டி என்ற பொதுச்சொற்கள் தாய்வழியையும் தந்தைவழியையும் ஒன்றாக்கிவிட்டன. அங்கிள், ஆன்ட்டி, கசின் வந்தபின் மாமனும் சித்தப்பாவும் ஒருவராகி, முறைப்பெண்ணும் தங்கையும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டார்கள். மீட்டுருவாக்கம் செய்பவருக்கு ஒவ்வொரு ஊரின், ஒவ்வொரு சமூகத்தின் சொல்லும் தேவை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரை எப்படி அழைத்தார்கள் என்பதை, ஊரையும் உறவையும் குறித்து, இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.