இலங்கை நிலக்காட்சிப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் உருவம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இலங்கையைக் காட்டும் படங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது. ஒளிப்படம், அஞ்சலட்டை, விளம்பரம், நாணயத்தாள் எனப் பல வடிவங்களில் அது பரவியது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் மலையின் அழகே முன்னிற்கிறது. வேலையின் கடுமை தெரிவதில்லை.

பிரெஞ்சு முன்னோடிகள்

உழைக்கும் கிராமப் பெண்ணை நிலக்காட்சியின் நடுவே நிறுத்தியதில் பிரெஞ்சு ஓவியர்களுக்குப் பெரும் பங்குண்டு. ழான் பிரான்சுவா மில்லே 1857இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தில், அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். தொலைவில் குதிரைமீது மேற்பார்வையாளன். பாரிஸ் விமர்சகர் சிலர் அதில் ஏழைகளின் கலக அச்சுறுத்தலைக் கண்டனர். ஜூல் பிரெத்தோன் 1859இல் அதே பொருளை அந்திப்பொழுதின் இதமான காட்சியாகத் தீட்டினார். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதை வாங்கிக்கொண்டார். இலங்கைத் தேயிலைப் படங்கள் பெரிதும் பிரெத்தோனின் போக்கையே ஒத்தவை.

கொழும்பு ஒளிப்பட நிலையங்கள்

ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் அதுவரை பயிரிடப்பட்ட கோப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. கொழும்பிலிருந்து இயங்கிய ஸ்கீன் நிறுவனமும், 1890இல் தொடங்கிய பிளேட் நிறுவனமும் தோட்டக் காட்சிகளைப் படமாக்கி விற்றன. பல படங்களில் பெண்கள் கூடையுடன் கமராவைப் பார்த்து நிற்கிறார்கள். பெயர் குறிக்கப்படுவது அரிது. இத்தகைய வணிக நிலையங்களைச் சாராத ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கையில் குடியேறியபின், களுத்துறையில் உழைப்பாளர்களைப் படமெடுத்தார்.

படமும் வாழ்வும்

இடுப்பில் படங்கு எனும் தடித்த துணியைக் கட்டி, மட்டக்கம்பு வைத்துச் செடியின் மட்டம் பார்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது தேர்ச்சி வேண்டும் வேலை. அட்டைக்கடி, மேற்பார்வை செய்யும் கங்காணியின் அதட்டல், நிறுவையில் எடை குறைந்தால் விழும் அரைப்பேர் (அரைநாள் கூலி) ஆகியவை அஞ்சலட்டையில் வருவதில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. ஆயினும் கொழுந்து பறிக்கும் பெண்கள் 1991ஆம் ஆண்டின் 100 ரூபாய்த் தாளில் இடம்பெற்றனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003இல்தான் நிறைவேறியது.

அண்மைக்காலம்

இப்போது மலையகத்தில் பிறந்த கலைஞர்களே இவ்வுருவத்தைக் கையாள்கிறார்கள். அவர்களுள் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், தோட்டத் தொழிலாளரின் வாழ்வையே தம் படைப்புகளின் பொருளாகக் கொண்டுள்ளார்.